சத்தம் வராத பெடல்

ரெஹானின் பெடலை அழுத்திவிட்டுக் கிடாரை மீட்டினால் திருவல்லிக்கேணியில் பதினோரு வீடுகளுக்குச் சத்தம் நின்றுபோகும். கிடாரின் சத்தம் மட்டுமல்ல, எல்லாச் சத்தமும். குக்கர் ஆவி விடும், குழந்தை வாயைத் திறந்து அழும், ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்துவார், எதுவும் கேட்காது. சலூனைத் தாண்டிப் பன்னிரண்டாவது வீட்டில் எல்லாம் வழக்கம்போல் கேட்கும். ரெஹான் கம்பியிலிருந்து விரலை எடுத்ததும் சத்தம் திரும்ப வந்துவிடும். அந்தப் பெடல் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பெடல் என்பது காலால் அழுத்துகிற சிறிய தகரப் பெட்டி. கிடாரின் சத்தம் ஒரு பக்கம் உள்ளே நுழைந்து, கரகரப்பாகி, மறுபக்கம் ஸ்பீக்கருக்குப் போகும். தமிழ்மாறனின் இசைக்குழுவில் ரெஹான் கிடார் வாசித்துவந்தான். தி.நகரில் ஒரு மொட்டைமாடியில் ஒத்திகை. மயிலாப்பூரில் ஓர் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை முதல் நிகழ்ச்சி என்று முடிவானதும் தமிழ்மாறன் அவனைத் தனியே அழைத்தான். "மச்சி, உன் கிடாரு நர்சரி ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி கீது. பெடல் இல்லாம ஞாயித்துக்கிழமை வராத. வேற ஆள் ரெடியா கீறான்." ரெஹானுக்கு இருபது வயது. அந்தக் குழுவில் இடம் பிடிக்க அவன் இரண்டு வருடம் மற்றவர்களின் ஸ்பீக்கர்களைத் தூக்கியிருந்தான். பெடல் வாங்கும் நிலையில் வீடு இல்லாததால் அவனுடைய அக்கா ரூஹி தானே செய்து தருவதாகச் சொன்னாள்.

ரூஹி பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். அவளும் அம்மா அஸ்மத்துன்னிசாவும் வீட்டிலேயே ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்தார்கள். டிசைனைத் தாளில் வரைந்து, கோடு முழுவதும் ஊசியால் துளை போட்டு, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த சாக்பீஸ் பொடியைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கிவிடும். இணையத்தில் கிடைத்த பெடல் வரைபடத்தையும் ரூஹி இப்படித்தான் சர்க்யூட் போர்டில் இறக்கினாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வரைபடம் கேட்ட பழைய ரக டிரான்சிஸ்டர் இரண்டும் அவர்களுடைய அப்பா அக்பர் பாஷாவின் ரேடியோவில் இருந்தன. ரேடியோ ஓடி வெகுகாலம் ஆகியிருந்ததால் யாரையும் கேட்காமல் கழற்றினாள்.

அக்பர் பாஷா அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்தார். இறந்த நிமிடத்தில் கட்டிலருகே இருந்த இயந்திரம் நீளமாக ஒரு விசில் அடித்தது. நர்ஸ் வந்து அதை அணைத்தார். அஸ்மத்துன்னிசாவின் காதில் அது அணையவில்லை. அவர் காதோடு காது வைத்தால் மற்றவர்களுக்கும் கேட்கும். எதிர்வீட்டு நாஸியா வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம், கேட்கிறது என்று சொல்லிவிட்டு இட்லி மாவு வாங்கப் போனார். கிடாருக்குச் சுருதி சேர்க்க ரெஹான் போனில் வைத்திருந்த ஆப் அந்த விசிலை 'பி' ஸ்வரம் என்று காட்டியது. காது டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை எழுதினார். அந்த மூன்று வருடமும் அஸ்மத்துன்னிசா சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் தூங்கியதில்லை. ஊசி விரலில் ஏறினாலும் அவருக்குத் தெரிவதில்லை. துணியில் சிவப்புப் புள்ளி விழுந்த பிறகுதான் குனிந்து பார்ப்பார். பிறகு அந்த இடத்தில் ஒரு மணியை வைத்துத் தைத்துவிடுவார்.

திங்கட்கிழமை பெடல் தயாரானது. சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. பேட்டரியை மாற்றினார்கள். ஒயரை மாற்றினார்கள். ஈயம் சரியாக ஒட்டாமல் இருக்கலாம் என்று ரூஹி எல்லா இடங்களையும் மறுபடி சூடாக்கி ஒட்டினாள். மீட்டர் வைத்துப் பார்த்தால் எங்கும் மின்சாரம் சரியாக இருந்தது. துளை போட்ட தாளோடு ஒப்பிட்டாள். ஒவ்வொரு புள்ளியும் பொருந்தியது. ஒரே ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததால் மற்றவை நின்றுபோனதை இருவரும் இரண்டு நாள் கவனிக்கவில்லை. புதன்கிழமை மீட்டிக்கொண்டே "மறுபடியும் வரல ஆபா" என்று ரெஹான் சொன்னபோது அதுவும் வரவில்லை. ரூஹி ஜன்னலுக்குப் போனாள். கீழே பஞ்சு மிட்டாய்க்காரர் மணியை ஆட்டிக்கொண்டே போனார். திரும்பியபோது அம்மா தையல் சட்டத்தின்மேல் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. ரெஹான் மீட்டுவதை நிறுத்தியதும் எழுந்து, அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை பெடலை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனார்கள். அங்கே மெஹபூப் அலி பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்ப்பவர். சத்தம் எதுவரை வந்து எங்கே நிற்கிறது என்று பார்க்க, ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஒயரை இழுத்து, ரெஹானை மீட்டச் சொல்லி, ஒவ்வொரு இடமாகத் தொட்டார். முதல் இரண்டு இடங்களில் கிடார் கேட்டது. டிரான்சிஸ்டரின் காலைத் தொட்டதும் கிடாரும், எதிர்க்கடை டிவியும், தெரு இரைச்சலும் நின்றன. ஒயரை எடுத்தார், எல்லாம் வந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "இதோட காலு தேய்ஞ்சு போச்சு நைனா. இன்னொரு வாட்டி சூடு தாங்கும். அதுக்கு மேல உடைஞ்சிடும். இந்த ஜோடி இந்தத் தெருவுலயே இல்ல, ஊர்லயும் இல்ல" என்றார்.

அன்று பிற்பகலும் வெள்ளியன்றும் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி ரெஹான் மீட்டினான். அம்மா தூங்கினார். சனிக்கிழமையும் மீட்டினான், விரல் வலித்தபோது நிறுத்தினான், அம்மா எழுந்து வேலையில் உட்கார்ந்தார். மாலை ஐந்து மணிக்கு ரூஹி ஒரு ரவிக்கையின் வலது கையை முடித்துவிட்டு, இடது கைக்காக அதே தாளைத் திருப்பிப் போட்டாள். ஆரி வேலையில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். அவள் கை அங்கேயே நின்றது. பிறகு ஈயம் ஒட்டும் கோலைச் சூடாகப் போட்டுவிட்டு ரெஹானை மாடிப்படிக்குக் கூப்பிட்டாள்.

"தப்பு கெடைச்சிடுச்சு. பேப்பரைத் திருப்பிப் போட்டுட்டேன், லெஃப்ட் கைக்குப் போடற மாதிரி. டிரான்சிஸ்டர் காலெல்லாம் மாறிக் கீது."

"சரி பண்ண எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம். பண்ணா கிடாரு கேக்கும். அப்புறம் திரும்ப இப்படி மாத்த முடியாது. காலு உடைஞ்சிடும்."

திறந்திருந்த கதவு வழியாக அம்மா தெரிந்தார். மணி தைக்கும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், நாலாவது முறையாக.

"அம்மி இன்னிக்கு எவ்ளோ நேரம் தூங்குனாங்க?" என்று ரெஹான் கேட்டான்.

"ஒண்ணே முக்கா மணி நேரம்."

"நான் நிறுத்துனதாலதான் எழுந்தாங்களா?"

"ஆமா."

"அப்ப உடு ஆபா."

ரூஹி உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். கோல் ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரெஹான் தமிழ்மாறனுக்குப் போன் செய்து பெடல் சரியாகவில்லை, வேறு ஆளைச் சொல்லிவிடு என்றான். கோபமா என்று தமிழ்மாறன் கேட்டான். இல்லை என்றான். அது உண்மைதான், கோபம் எதுவும் அவனிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்ததாகவும் புது ஆள் நன்றாக வாசித்ததாகவும் கேள்விப்பட்டான்.

அதன்பின் ரெஹான் காலையிலும் மாலையிலும் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனான். லுஹர் தொழுகை முடிந்து, அஸருக்கு முன், இரண்டிலிருந்து நான்கு வரை வீட்டில் இருந்து வாசித்தான். முதல் வருடம் தெரிந்ததையே வாசித்தான். இரண்டாம் வருடம் தானாகச் சிலவற்றைப் போட்டான். அவை எப்படி இருந்தன என்று அவனுக்கும் தெரியாது. விரல்கள் போகும் இடத்தை ரூஹி பார்த்திருக்கிறாள், நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அஸ்மத்துன்னிசாவின் துணிகளில் தேவையில்லாத மணிகள் குறைந்தன. ஒருநாள் நாஸியாவிடம், இந்தப் பையன் கிடாரைத் தொடுவதே இல்லை, தூசி படிந்து கிடக்கப்போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். நாஸியா ஆமாம் என்றார்.

தெரு முதலில் கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு எழுதியது. வந்து பார்த்த அதிகாரி காதில் விரலை விட்டுக் குடைந்துவிட்டு, இது தன் துறையில் வராது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு பழகிவிட்டது. காய்கறி வண்டிக்காரர் நான்கு மணிக்கு மேல் வரத் தொடங்கினார். பரீட்சைக்குப் படிப்பவர்கள் பன்னிரண்டாவது வீட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். கீழ்வீட்டு உரிமையாளர் விஜயராகவன் போன மாதம் பின்போர்ஷனைச் சீதா என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டார். சாவியைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னார்.

"கார்ப்பரேஷன் தண்ணி காலம்பற அஞ்சரைக்கு வரும். குப்பை வண்டி எட்டு மணி. மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஆத்துல சத்தம் கேக்காது. கதவைத் தாப்பாள் போடாதேங்கோ, தட்டினாத் தெரியாது."

சீதா சரி என்றாள். மொட்டைமாடியில் துணி உலர்த்தலாமா என்று கேட்டாள்.