வெளங்குச்சா?

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் முத்துலிங்கம் மாஸ்டர் ஒருவர்தான் ஆசிரியர். ஒரே அறை, ஐந்து வகுப்பு, எண்பது பிள்ளைகள். அவர் ஒரு வரி சொல்வார். பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். "வெளங்குச்சா?" என்று கேட்பார். "வெளங்குச்சி சார்!" என்று தகரக் கூரை அதிரும். 1956இல் வந்த பரிசோதகர் அந்தச் சத்தத்தை மெச்சி எழுதிவிட்டுப் போனார். மாஸ்டருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மூன்றாம் வகுப்பு அம்மாக்கண்ணுவின் குரல்தான் அதில் கணீரென்று கேட்கும்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் தாய் மீனம்மாவுக்குக் காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் வந்தன. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு போத்தல் கொடுத்தார்கள். குடிக்க ஒன்று, பூச ஒன்று. இரண்டிலும் தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு வந்ததும், எது குடிக்கிற மருந்து என்று கேட்டு மீனம்மா அவற்றை மகளிடம் நீட்டினாள். படிக்கிற பிள்ளையாயிற்றே! அம்மாக்கண்ணு ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். அது பூசுகிற மருந்து. அதைக் குடித்து வாயும் தொண்டையும் வெந்துபோன மீனம்மாவை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

அதற்குள் அம்மாக்கண்ணு பள்ளிக்கூடம் வரத் தொடங்கியிருந்தாள். மருந்து மாறிய கதையைக் கேள்விப்பட்ட மாஸ்டர் அவளை அழைத்து, பாடத்தின் நடுவே ஒரு சொல்லைக் காட்டினார்.

"இது என்ன?"

அவள் பாடத்தை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே, சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்தி, அந்த இடத்துக்கு வந்ததும், "மாடு" என்றாள். சரிதான். வேறொரு புத்தகத்தில் அதே சொல்லைக் காட்டினார். அவள் விழித்தாள்.

மாஸ்டர் புத்தகத்தை மூடி வைத்தார். மற்றப் பிள்ளைகளையும் தனித்தனியாக அழைத்துப் பார்த்தார். அந்த வகுப்பில் பதினெட்டுப் பேர். எழுத்துத் தெரிந்தவர்கள் ஐந்தே பேர்.

மறுநாளே அந்தச் சத்தம் நின்றது. பாடத்தை வரிவரியாக வெட்டிக் கலைத்துப் போட்டு, அடுக்கச் சொன்னார். முனாப் நானாவின் பலசரக்குக் கடையிலிருந்து சவர்க்கார உறைகளை வாங்கி வந்து வாசிக்க வைத்தார். கேள்வி கேட்டால் விடையைச் சிலேட்டில் எழுதி எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். யாருக்குத் தெரியவில்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்தது. இத்தனை சுலபமா என்று நினைக்க நினைக்கத்தான் அவருக்கு மனசு குத்தியது.

ஒருநாள் மீனம்மாவே வந்தாள்.

"புள்ளைய அடிச்சிராதீங்க மாஸ்டர். நல்லாத்தான் படிக்கும். அன்னைக்கு என்னமோ தடுமாறிருச்சி."

மாஸ்டர் தலையசைத்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"அவ தடுமாறலம்மா. அவளுக்கு எழுத்தே தெரியாது. நான் ஒருநாளும் தனியாக் கேட்டுப் பாக்கல. தப்பு எம்மேலதான்."

"மூணு வருசமாவா?"

"மூணு வருசமா."

அவள் திட்டியிருந்தாலும் தேவலை. படியிறங்கிப் போய்விட்டாள். அடுத்த நாள் அம்மாக்கண்ணு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் வீட்டுக்கே போனார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பயமா இருக்கு சார். தப்பாச் சொல்லிருவேன்."

"சொல்லும்மா. நீ தப்பாச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

மீனம்மா மகளின் கையில் சிலேட்டைக் கொடுத்தாள். "போ" என்றாள், மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமலே.