எந்தச் சாவிக்கும் மசியாத கதவு

அந்தப் பட்டறையில் எல்லாரும் அவரைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். வெறும் இரும்புச் சட்டமாக வருகிற மெஷினைப் பூட்டிக் கோத்து ஓட வைக்கிற அசெம்பிளிப் பிரிவுக்கு அவர் தலைவர். வேலையில் சூரர், அதில் இரண்டு பேச்சு கிடையாது. பொறுமைதான் அவர் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்காது.

அவருக்கு வாய்த்த மைத்துனியோ நேர் எதிர். மனைவியின் தங்கையான அவள் அதே பட்டறையில் மெஷின்களின் மின்கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் வடிவமைக்கும் எஞ்சினியர். கதவு திறந்தால் நிற்கணும், கை நுழைந்தால் நிற்கணும், நிழல் விழுந்தாலும் நிற்கணும் என்பாள். புயல் அவளுக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. அவளுக்கு அதில் கோபமே இல்லை.

"நிறுத்துறதுதானே மாமா என் வேலை" என்று சிரிப்பாள்.

அன்று மதியம், புதிதாகக் கட்டிய அட்டை வெட்டும் மெஷினைப் பார்க்க வாங்குகிறவர்கள் வருவதாக இருந்தது. வாங்குவது ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி. அங்கே மெஷின் ஓட்டுகிறவள் வேறு யாருமல்ல, புயலின் மனைவி. அவள் ஓட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் மெஷின் லாரி ஏறும். வீட்டில் அவர் மடித்து வைத்த போர்வையைப் பிரித்து மறுபடி மடிக்கிறவள், மெஷினைச் சும்மா விடுவாளா? அந்தப் பயத்தில் காலையிலிருந்தே புயல் இரண்டு மடங்கு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தார்.

கடைசி ஓட்டத்தில் ஓர் அட்டை கோணலாகப் போய், மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவில் சிக்கியது. கதவைத் திறந்தார். மெஷின் நின்றது.

கதவின் விளிம்பில் சாவி போல ஓர் இரும்பு நாக்கு இருக்கும். கதவை மூடும்போது அது சட்டத்திலுள்ள சுவிட்சுக்குள் நுழையும். நுழைந்தால்தான் மெஷின் ஓடும். மெஷின் கட்டுகிற ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதே மாதிரி உதிரிச் சாவி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். கதவைத் திறந்துபோட்டு, அதைச் சுவிட்சில் சொருகிவிட்டால் போதும். கதவு மூடியிருக்கிறது என்று பாவம், சுவிட்ச் நம்பிவிடும். புயலின் சாவிகளுக்கு ஓர் அடையாளமும் இருந்தது. தொலைந்தால் தேட வசதியாக, நீல வயர்த் துண்டை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்.

அந்தச் சாவியை எடுத்துச் சொருகினார். இடது கையில் பட்டன் பெட்டி, வலது கை தட்டுகளுக்கு நடுவில். மேல் தட்டை ஒரு நூல் ஏற்றிக்கொண்டே அட்டையை உருவிவிடலாம் என்று கணக்கு. பட்டனை அழுத்தினார். அசைவில்லை. மறுபடியும் அழுத்தினார். பெட்டியைத் தட்டிவிட்டு, பல்லைக் கடித்து அழுத்தினார்.

"ஏய் முட்டுக்கட்டை! என்ன எழவு சுவிட்ச் இது? சாவி போட்டும் அசைய மாட்டேங்குது!"

கத்திய பிறகுதான் பெட்டியைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் ஏற்றும் பட்டன்மேல் இல்லை. இறக்கும் பட்டன்மேல் இருந்தது. வலது கை இன்னும் முழங்கைவரை உள்ளே.

மெல்ல வெளியே எடுத்தார். ஓடி வந்த மைத்துனி சொருகியிருந்த சாவியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"இந்தச் சுவிட்சுக்கு அதோட ஜோடிச் சாவியை மட்டும்தான் தெரியும் மாமா. அதுல ஒரு சிப் இருக்கு. வேற எதைச் சொருகினாலும் சட்டை பண்ணாது."

"என்னை மனசுல வச்சுத்தான் இதைப் போட்டியா?"

"உங்களையும் வச்சுத்தான்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தன் அவசரத்தை இவ்வளவு நாள் முன்பே யோசித்து, அதற்கு இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பதில் வைத்திருக்கிறாளே என்று புயலுக்கு மலைப்பாக இருந்தது. நல்ல மூளை, அதைவிட நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்ல மட்டும் வரவில்லை.

மதியம் மனைவி வந்தாள். மெஷினை ஓட்டினாள். ஓடும்போது கதவைத் திறந்தாள், நின்றது. அட்டை நுழைகிற வாயில் ஒரு குச்சியை நீட்டினாள், அதற்கும் நின்றது. தங்கையைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள். பிறகு கைப்பையைத் துழாவி எதையோ எடுத்தாள்.

"எங்க பழைய மெஷின்ல இதைச் சொருகிட்டுத்தான் உள்ள கைவிட்டு அட்டை எடுப்போம். இதுகிட்ட பலிக்குதான்னு பாக்கறேன்."

கதவைத் திறந்துபோட்டு, அதைச் சுவிட்சில் சொருகினாள். தள்ளி நின்று பட்டனை அழுத்தினாள். மெஷின் அசையவில்லை, நிற்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது.

"அட, ஏமாற மாட்டேங்குதே! இது பொல்லாத மெஷின்டி. எனக்குப் பிடிச்சிருக்கு."

மைத்துனி சிரித்தாள். புயல் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சாவியின் வாலை. அழுக்கேறிய நீல வயர். இரட்டை முடிச்சு.

"இது... உனக்கு எங்கே கிடைச்சுது?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே மெஷின்ல தொங்கிட்டு இருந்துச்சாம். அந்த மெஷினைக் கொண்டுவந்து பொருத்தின உங்க பட்டறை ஆளுங்க யாரோ விட்டுட்டுப் போனது. எந்த மகராசனோ, நல்லா இருக்கட்டும்னு நாங்க வாழ்த்தாத நாள் இல்லை."

பட்டறையே பார்த்துக்கொண்டிருக்க, புயல் அவள் கையைப் பிடித்தார். சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு முழுசாக வந்துகொண்டிருந்த கை அது. அதற்கு அவர் எந்தப் புண்ணியமும் செய்யவில்லை.

"என்னங்க இது, எல்லாரும் பாக்கறாங்க."

அவர் விடவில்லை. மைத்துனி பக்கம் திரும்பினார்.

"இதே சுவிட்ச் இன்னொண்ணு இருக்காம்மா?"

"இருக்கு மாமா. எதுக்கு?"

"எடுத்துட்டுக் கிளம்பு. இப்பவே இவ கம்பெனிக்குப் போறோம். போன் பண்ணி அந்தப் பழைய மெஷினை நிறுத்தச் சொல்லு. இந்த மாதிரி இன்னொரு சாவி அங்க இருந்தாலும் இருக்கும். நாம போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

புயல் சுவிட்சிலிருந்து அந்தச் சாவியை உருவினார்.

"நீங்க தினமும் வாழ்த்தின அந்த மகராசன் நான்தான்டி" என்றார்.