அரை அளவு கூடுதல்

மாரிட்டின் ஓட்டக் காலணி கடிக்க ஆரம்பித்ததற்கு முழுப் பழியையும் வெஸ்லியே ஏற்றுக்கொண்டான். துவைத்துவிட்டு டிரையரில் போட்டுவிட்டேன், சூட்டில் சுருங்கியிருக்கும் என்றான். குளிர்காலம் முழுக்க வாயைத் திறக்காத அவன் மனைவி மாரிட், ஒரு ஜோடி ஷூவுக்காக அன்றைக்குக் கத்தித் தீர்த்தாள். அவன் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தபடி நின்றான்.

"என் சாமானைத் தொடுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"தெரியாம செஞ்சுட்டேன் மாரிட். புதுசு வாங்கிக்கலாம்."

"உனக்கு எல்லாத்துக்கும் இதான். எடுத்து மூட்டை கட்டுறது, இல்லேன்னா புதுசு வாங்குறது."

பேச்சு ஷூவைப் பற்றியது இல்லை என்பது இருவருக்கும் தெரியும். போன அக்டோபரில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழாமலே பிறந்தது. சிக்னி என்று பெயர் வைத்து, ஏரி தெரிகிற மேட்டில் புதைத்தார்கள். மாரிட் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது தொட்டில் இல்லை, குட்டிச் சட்டைகள் இல்லை. வெஸ்லியும் அவன் அக்காவும் எல்லாவற்றையும் பெட்டி கட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டு நிலவறையில் வைத்துவிட்டார்கள். மஞ்சள் சுவரைக்கூட விடவில்லை, வெள்ளை அடித்துவிட்டார்கள். அவள் பார்த்தால் நொந்துபோவாளாம். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்? நல்ல எண்ணத்தோடு செய்கிற கொடுமைக்குத்தான் பதில் பேசவும் வழியில்லை.

எங்கள் டுலூத் ஊரில் துக்கம் விசாரிப்பது என்றால், உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று பனியைப் பற்றிப் பேசிவிட்டுப் போவது. பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தட்டுகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததோடு சிக்னியின் கதையும் முடிந்துபோனது. வயிறு உள்ளே போயிற்று, பால் வற்றியது. அப்படி ஒருத்தி வந்தாளா, நானேதான் நினைத்துக்கொண்டேனா என்று மாரிட்டுக்குச் சில காலையில் சந்தேகமே வந்தது. அவள் இருந்தாள் என்பதற்கு ஏதாவது ஒன்று, கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

ஓடினால் மனசு ஆறும் என்று டாக்டர் சொன்னதால், ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய ஏப்ரலில் பழைய ஷூவை எடுத்து மாட்டினாள். கால் நகம் கறுத்ததுதான் மிச்சம். சண்டை போட்ட மறுநாள் சாயங்காலம், ஓட்டக்காரர்கள் எல்லாரும் ஷூ வாங்குகிற ஜோலீன் கடைக்குப் போனாள்.

முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு குளிர்காலம் பூராவும் வெளியூரில் மகள் வீட்டில் படுத்திருந்த ஜோலீனுக்கு ஊர்ச் சேதி எதுவும் எட்டவில்லை.

"வாடி கண்ணு! போன கோடையில பூசணிக்காயை முழுங்கின மாதிரி வந்து நின்னே. பாப்பாவை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லத்தான் மாரிட் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"அப்பாகிட்ட. தூங்குறா."

"பேரு?"

"சிக்னி."

"எங்க பெரியம்மா பேரு. அது மகா பிடிவாதக்காரி, இப்பவே சொல்லிட்டேன், ஜாக்கிரதை."

அந்தப் பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாத முதல் ஆள் ஜோலீன்தான். பொய் சொல்கிறோமே என்று மாரிட்டுக்குக் கூசியது. ஆனால் இனித்தது. இன்னும் ஏதாவது கேட்க மாட்டாளா என்று இருந்தது.

ஜோலீன் முட்டியைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "முதல்ல இந்த சாக்ஸைக் கழட்டு. குதிகாலுக்குத் தெச்ச இடம் உள்ளங்காலுக்கு வந்து நிக்குது பாரு. சின்னது. இதைப் போட்டுக்கிட்டு எந்த ஷூவைப் போட்டாலும் கடிக்கும்." வேறு சாக்ஸ் ஒன்றைக் கொடுத்து, தகர அளவுகோலைத் தரையில் வைத்தாள். "எந்திரிச்சு நில்லு. உக்காந்து அளந்தா கால் பொய் சொல்லும்."

நின்றாள். ஜோலீன் அளவுகோலின் நகரும் தகட்டைத் தள்ளிக் கட்டைவிரலில் முட்டவிட்டாள்.

"எட்டரை."

"நான் எட்டு. பள்ளிக்கூட நாள்லேர்ந்து எட்டு. வெஸ்லி ஷூவை டிரையர்ல போட்டுச் சுருக்கிட்டான், அதான் வந்தேன்."

"அந்தப் பாவப்பட்டவனை ஏன் திட்டுறே? ஷூ சுருங்கலடி, உன் கால் நீண்டுருச்சு. பிள்ளை சுமந்தா பாதம் தளர்ந்து பரந்துபோகும். நான் மூணு பெத்து ஒரு அளவு ஏறிட்டேன்."

"திரும்பிப் பழையபடி ஆகுமா?"

"சில பேருக்கு ஆகும். இத்தனை மாசத்துல ஆகலேன்னா இனி ஆகாது. திட்டணும்னா வீட்டுல தூங்குறாளே, அவளைத் திட்டு."

மாரிட் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். யாரும் பெட்டி கட்டிக்கொண்டு போக முடியாதது ஒன்று இத்தனை நாளும் அவள் உடம்பிலேயே இருந்திருக்கிறது. அவள் தாங்க முடியாமல் அழுதாள்.

"ஐயய்யே, அரை அளவுக்கா அழுவாங்க?" ஜோலீன் எட்டரை ஷூவை மாட்டி, லேஸைக் கட்டி, நுனியை அழுத்திப் பார்த்தாள். "முன்னால கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். ஓட ஓட கால் உப்பும். எப்பவும் கொஞ்சம் பெரிசாத்தான் வாங்கணும்."

புறப்படும்போது ஷூ பெட்டிக்குள் குட்டியாக ஒரு ஜோடி சாக்ஸையும் போட்டாள். "சிக்னிக்கு. என் கணக்குல."

வெஸ்லி அடுக்களையில் இருந்தான். மாரிட் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"ஷூவை டிரையர்ல போட்டியா?"

"இல்ல. கையாலதான் துவைச்சேன். உள்ள பேப்பரைத் திணிச்சு நிழல்ல காயவெச்சேன்."

"அப்புறம் ஏன் சொன்னே?"

"நீ மாசமா இருந்தப்ப வாங்கினோமே, அந்தப் புத்தகத்துல படிச்சிருந்தேன். கால் பெரிசாயிடும், சில பேருக்கு அப்படியே நின்னுடும்னு. உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டியோன்னு நெனச்சேன். என்மேல கோவப்பட்டா பரவாயில்லை, அதை நான் தாங்கிக்கலாம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டே வெஸ்லி. இதையும் எடுக்கப் பாத்தியே."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மாரிட் குட்டி சாக்ஸை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "ஜோலீன் குடுத்தா. அவளுக்கு விஷயம் தெரியாது. நான் சொல்லல."

இதையும் எங்கேயாவது கொண்டுபோய் வைக்கத்தான் எடுப்பான் என்று நினைத்தாள். அவன் ஒன்றை எடுத்துத் தன் கைக் கட்டைவிரலில் மாட்டினான். நுனியில் துணி தொளதொளவென்று மடிந்து நின்றது.

"சிக்னிக்கு இது பெரிசு," என்றான். அக்டோபருக்குப் பிறகு அவன் வாயில் அந்தப் பெயர் வந்தது இப்போதுதான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ கால் என் கட்டைவிரல் நீளம்தான். நீ மயக்கத்துல இருந்தப்ப அவளை என்கிட்ட குடுத்தாங்க. கால் ஜில்லுன்னு இருந்துச்சு. சூடாகட்டும்னு ரெண்டையும் கைக்குள்ள பொத்தி வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

மாரிட் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாக்ஸ் மாட்டிய அந்த விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பெரிசாத்தான் வாங்கணும்," என்றாள். "கால் வளரும்ல."