கண்டிக்கு வந்த கடல்

திக்வெல்லக் கடல் ஒரே ஒருமுறை கண்டிக்குப் போயிருக்கிறது. அது பொசன் பௌர்ணமிக்கு மறுவாரம். விகாரைச் சங்கத்தார் பஸ் பிடித்து ஒருநாள் பயணம் கிளம்பியபோது அதுவும் பின்னாலேயே புறப்பட்டது. முழுக் கடலும் அல்ல. இரண்டு எருமைகள் சேர்ந்து படுத்தால் எவ்வளவோ அவ்வளவு. கடுகண்ணாவ ஏற்றத்தில் லொறிகளுக்கு வழிவிட்டு ஓரமாகவே ஏறியது. கண்ணாடியில் அதை முதலில் பார்த்த டிரைவர் கருணாபால, சங்கச் செயலாளர் சிறிசோமவிடம், "ஐயா, எத்தனை பேருன்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான்.

சீலவதி திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் சாரனேலிஸ் மீன்பிடிக்கப் போய் வராமல் போன நாளிலிருந்து பதினோரு வருடமாக அவள் கடலைப் பார்ப்பதில்லை. வீட்டில் கடல் பக்கத்து ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டாள். வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்காததால், செத்தவர்களுக்குக் கொடுக்கும் தானத்தையும் அவள் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குப் புண்ணியம் கொடுத்து அனுப்பிவிட்டால் அவர் எந்த வழியாகத் திரும்பி வருவார் என்று கேட்பாள். கண்டியிலாவது அவர் பெயரைச் சொல்லிப் பூ வைக்கட்டும் என்று சிறிசோம கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். அவள் வந்ததோ, அலைச்சத்தம் கேட்காத ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான்.

புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் செருப்பு வாங்கி வைக்கிறவள் கடலை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்குத்தான் செருப்பே இல்லையே, போகட்டும். படிய மட்டும் வழுக்க வச்சிடாத," என்றாள். அது வரிசையில் நின்று, யானைத் தந்தங்களையும் கூரைச் சித்திரங்களையும் நின்று நின்று பார்த்தது. மேளம் முழங்கியபோது அதன் மேலெல்லாம் சிற்றலைகள் ஓடின. வெள்ளைச் சேலைக்காரிகள் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.

பூ வைக்கும் மேசையின் முன்னால் நீலோற்பலங்களோடு நின்ற சீலவதிக்கு உப்பு வாடை அடித்தது. திரும்பினாள்.

"இங்கயும் வந்துட்டியா, வெக்கங்கெட்டதே!"

வரிசை நின்றது. அவள் குரல் மெல்ல இறங்கியது.

"வந்ததுதான் வந்தே, சொல்லிட்டுப் போ. அவர் உன்கிட்டதான் இருக்காரா?"

கடல் சற்றே பின்வாங்கியது. ஈரத் தரையில் ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பா கிடந்தது. பாசியைத் துடைத்தபோது, கல்யாணமான வருடம் அவருடைய டப்பாவில் அவள் ஊசியால் கீறிய பூ மூடியில் தெரிந்தது. அதை மடியில் செருகிக்கொண்டு, "சாரனேலிஸ்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிப் பூவை வைத்தாள். பூ வைத்த பிறகுதான் அழுதாள். அழுது முடியும்வரை பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

வாவிக்கரையில் சோற்றுப் பொதிகளைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, இறக்கத்தில் கடலை நடக்கவிடுவது சரியல்ல என்று சிறிசோம சொன்னார். உப்பு பட்டால் சீட்டு துருப்பிடிக்குமென்று முணுமுணுத்தபடி கருணாபால பொலித்தீன் விரித்தான். சீலவதி, "தள்ளி உக்காரு," என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாத்தறை வரும்வரை அதன்மேல் சாய்ந்து தூங்கினாள். சேலையில் ஒரு பக்கம்தான் நனைந்திருந்தது.