டூ பை த்ரீ

சனிக்கிழமை மாலையானால் டோரீன் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதலில் சர்ச் தெருப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை. பிறகு, நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலில் மசால் தோசை. கடைசியில் பை டூ, ஒரே காபியை இரண்டு தம்ளரில் பங்கு போட்டுத் தருவார்கள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கும் டென்சிலுக்கும் அதுதான் வழக்கம்.

டென்சில் இறந்த பிறகு முதல்முறை தனியாகப் போனபோது, வாய்ப் பழக்கத்தில் "பை டூ" என்று சொல்லிவிட்டாள். வந்ததைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. ஒரு தம்ளரை எதிரே வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். நிமிர்ந்தபோது எதிர்த் தம்ளர் காலி. அடியில் நுரை மட்டும் ஒட்டியிருந்தது.

அவள் அலறவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. அடுத்த சனிக்கிழமையும் பை டூ சொன்னாள். பார்த்துக்கொண்டே இருந்தால் காபி அப்படியே இருக்கும்; கண்ணை எடுத்தால் தீர்ந்துவிடும். பயமெல்லாம் கொஞ்ச நாள்தான். பிறகு அது துணையாகிவிட்டது.

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே பாடம் நடத்தும் ரயான் ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டான். "என்னைக் கட்டிக்க இஷ்டம்னா சனிக்கிழமை காபிக்குக் கூப்பிடுங்க. இல்லன்னா விட்டுடுங்க டோரீன், மறுபடி கேக்க மாட்டேன்."

கூப்பிட்டாள். சரி என்று வாய்விட்டுச் சொல்வதை மட்டும் காபிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

புத்தகக் கடையின் மரப்படியில் யாரோ பின்னால் ஏறி வந்தார்கள். ரயான் ஒதுங்கி வழிவிட்டான். யாரும் கடந்து போகவில்லை. "வழி விட்டா ஆளையே காணோம்," என்று சிரித்தான். டோரீன் சிரிக்கவில்லை.

ஓட்டலில் அவள் பை டூ சொன்னாள். இன்று அந்தப் பாதி ரயானுக்கு. யோசித்து எடுத்த முடிவு. ஆனால் காபி போடும் ரங்கா மூன்று தம்ளர்களை நகர்த்தினான்.

"ரங்கா, பை டூதானே சொன்னேன்?"

"மூணு பேரு இருக்கீங்கல்லக்கா, அதான் டூ பை த்ரீ போட்டேன்." அவன் தலை நிமிரவில்லை. "ரெண்டு காபி, மூணு தம்ளர். பர்வாகில்லா, எடுத்துட்டுப் போங்க."

"எனக்கு ரெண்டு பங்கா? நல்ல ஓட்டல்," என்று ரயான் மூன்றையும் ஏந்திக்கொண்டு போய் மேசையில் வைத்தான். சர்க்கரை எடுக்கத் திரும்பினான். டோரீனும் அவனையே பார்த்தாள். அவ்வளவுதான், அவன் தம்ளர் காலி.

"நான் இன்னும் வாயே வைக்கலயே!" அவன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான். மூன்றாவது தம்ளர் ததும்பி, ஆவி பறந்தது. "சரி, இதுதான் இருக்கே." கையை நீட்டினான்.

'வருகிறவனுக்குத் தனித் தம்ளர் கிடையாது, என் பங்கைத்தான் எடுக்க வேண்டும், என் இடத்தில்தான் நிற்க வேண்டும்' என்று டென்சில் சொல்வதாக டோரீனுக்குத் தோன்றியது. ரயானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். அது டென்சிலோடது."

ரயான் அவளைப் பார்த்தான். தம்ளரைப் பார்த்தான்.

"அப்ப எனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வரேன்," என்று ரங்காவிடம் போனான்.

டோரீன் தம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியும் காபி இறங்கத் தொடங்கியது. மெல்ல, உள்சுவரில் ஈரக்கோடு விட்டுக்கொண்டு.

"டென்சில், அவர்கிட்ட சரின்னு சொல்லப்போறேன்."

பாதியில் நின்றது.

அவள் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள். ஆட்டோக்கள் போயின. எங்கோ தட்டுகள் உருண்டன. மறுபடி பார்த்தபோது பாதி பாதியாகவே இருந்தது. மேலே ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

ரயான் முழுக் காபியோடு வந்தான். அந்தத் தம்ளர் இருந்த பக்கத்தை விட்டு, மேசையின் வேறு பக்கமாய்ப் போய் நின்றான்.

"சரி," என்றாள் டோரீன்.