மயிலையின் காது

மயிலைக் காளை இனி எழுந்து நிற்காது என்று மாட்டு டாக்டர் சொன்ன அன்றே அப்பா எனக்கு போன் போட்டார்.

"சுபா கண்ணு, உங்க லேப்ல குளோனிங் பண்றீங்கல்ல? நம்ம மயிலைக்கும் ஒண்ணு போட்டுறலாமா?"

அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். காங்கேயம் காளையை எங்கள் ஆய்வகம் இதுவரை தொட்டதே இல்லை. காது நுனியில் பொட்டளவு சதை போதும். ஐஸ் பெட்டியை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன்.

ஒரே சிக்கல், மயிலை எங்களுடையதல்ல. பத்தாவது படிக்கையில் எனக்கு டெங்கு. நான் பிழைத்தால் மயிலையை விட்டுவிடுவதாக அவிநாசிபாளையம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் அம்மா வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். அடையாளத்துக்குக் காளையின் காதை லேசாக அறுத்துக் கோயிலுக்கு விட்டுவிட்டு வந்த அப்பா, சில நாள் தன் அருள்புரத்துப் பனியன் கம்பெனிப் பக்கமே போகவில்லை.

இப்போது மயிலை கோயில் வேம்படியில் படுத்திருந்தது. அப்பா அதன் தாடையை நீவினார்.

"அதே நெறம், அதே கொம்பு. ரிப்பீட் ஆர்டர் மாதர."

"ஏனுங்க, அதே நூலு, அதே சாயம், ரெண்டாவது லாட்டு ஷேடு மாறிப்போச்சுன்னு போன மாசம் ஊட்டுல கத்துனது ஆருங்க?" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "எத்தன மாட்டு வயித்துல கருவ வெப்பீங்க?"

"நெறைய வெப்போம். ஒண்ணு தங்குனாலே பெரிசும்மா."

"மத்ததெல்லாம்?"

"கலைஞ்சுரும். சிலது பொறந்து செத்துரும்." ஆய்வகத்தில் சொல்வதுபோலவே சொன்னேன்.

"மனுசனுக்கும் போடுவாங்களா?"

"அதுக்குத் தடைம்மா."

"தடை இல்லாட்டி, அன்னிக்கு நீ போயிருந்தா உங்கப்பா இன்னொரு சுபஸ்ரீயப் போட்டிருப்பாரு."

"வாய மூடு பழனாயி!" என்றார் அப்பா.

பூசாரி குறுக்கே வந்தார். "சண்டை எதுக்குங்க? பூப்போட்டுக் கேட்டுறலாம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சதை எடுக்கலாம். வெள்ளையே வந்தது. நான் பெட்டியைத் திறந்தேன்.

"பொறு கண்ணு. பொறக்கற கன்னு ஆருதுன்னு கேக்கலியே?" என்றாள் அம்மா.

மறுபடி பூ. வெள்ளை வந்தால் கோயிலுக்கு, சிவப்பு வந்தால் எங்களுக்கு. மறுபடியும் வெள்ளை.

அப்பா பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையும் இங்கதான் கட்டோணுமா?"

"குடுத்தது குடுத்ததுதானுங்களே" என்றாள் அம்மா.

"அப்பறம் எதுக்கு அத்தன மாட்டப் பாடுபடுத்தறது? பொட்டிய மூடு கண்ணு."

ஆனால் தடுக்க அப்பாவுக்கு உரிமை இல்லை. காளை கோயிலுடையது, சாமி சரி சொல்லியாகிவிட்டது. பூசாரி என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் சொல்லோணுங்க அம்மிணி."

கத்தியோடு மயிலையின் தலைமாட்டில் உட்கார்ந்து காதைப் பிடித்தேன். நுனியில் பழைய வெட்டு ஆறித் தழும்பாகிக் கிடந்தது. எனக்காக வெட்டியது. மயிலை காதை இழுத்துக்கொள்ளவில்லை. கரு கலையப்போகும் மாடுகளை எண்ணிப் பார்க்க முயன்றேன். ஆய்வகத்தில் அந்த எண்ணிக்கை ஒருநாளும் இவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியிலிருந்த ஐஸைத் தண்ணீர் வாளியில் கொட்டி அதன் வாயருகே வைத்தேன். மயிலை கொஞ்சம் குடித்தது.