இடது கட்டைவிரல்

அந்தக் கார் பந்தய விளையாட்டில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று கேட்டால், ஒரு நாளும் அதை விளையாடாத அவள்தான் சரியாகச் சொல்வாள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்தபடி, வீட்டுக்காரர் விளையாடுவதை மாதக்கணக்கில் பார்த்தவள். அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருந்த புகழ்ச்சியெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்குத் 'தாலாட்டு' என்று பட்டப்பெயர். அவர் பிரேக் பிடித்தால் பிடித்ததே தெரியாது, கம்பியைப் பிடித்து நிற்கிற ஆள்கூட அசந்து தூங்கிவிடுவார் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. இடது காலும் கையும் விழுந்துவிட்டன. கால் மெல்ல மெல்லத் தேறியது. கை மட்டும் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி மடியிலேயே கிடந்தது.

ஒரே ஒரு முறை வாய்ப்பு தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. பரிசோதகர் முன்னால் பேருந்தை ஓட்டிக் காட்டினால் பழைய வேலை. முடியாவிட்டால் இனி ஸ்டியரிங் பக்கமே போக முடியாது. சோற்றுக்குக் குறை வராது, எங்காவது ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் மனிதர் இவராக இருக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்திலேயே அவளுக்குப் பாதி உடம்பு இளைத்துவிட்டது.

விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. டிவியோடு இணைத்து, மேசையில் ஒரு ஸ்டியரிங்கைத் திருகி, தரையில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வைத்தான். கைக்கு நல்ல பயிற்சி என்று கெஞ்சிப் பார்த்தான். அத்தான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"ஏறவும் ஆளில்ல, இறங்கவும் ஆளில்ல," என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தார். "எங்கதான் போறானுங்க இவனுங்க?"

குறை சொன்னாரே தவிர, மறுநாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். குறை சொல்ல முடியாத சங்கதிகளும் அதில் இருந்தன. மழை பெய்தால் கண்ணாடியில் துளி வழியும், வைப்பர் அதைத் துடைக்கும். வளைவில் ஸ்டியரிங் நிஜ வண்டி மாதிரியே கையை இழுக்கும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எப்போது காலை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. நோய் வந்த பிறகு முதல் முறையாக அவர் முகத்தில் உயிர் வந்ததை அவள் பார்த்தாள்.

எல்லாவற்றையும் விட அதிசயம், ஸ்டியரிங்கின் இடது பக்கத்தில் இருந்த ஒரு பட்டன். கார் சுவரில் மோதினாலும் சரி, குட்டிக்கரணம் போட்டாலும் சரி, அதை அழுத்திப் பிடித்தால் படம் பின்னோக்கி ஓடும். நொறுங்கிய முன்பக்கம் நிமிரும், தெறித்த கண்ணாடி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும், கார் வளைவுக்கு முன்னால் போய்ச் சமர்த்தாக நிற்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம், கிளம்பின கோடு வரைக்கும் போகலாம், அதற்குப் பின்னால் மட்டும் போகாது என்று தம்பி விளக்கினான். தப்பு செய்தவனுக்குத் தண்டனையே கிடையாதா, இது என்ன அநியாயம் என்று அவள் சிரித்தாள்.

விளையாட உட்காரும்போதெல்லாம் அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி ஸ்டியரிங் மேல் வைத்துக்கொள்வார். அந்தப் பட்டனை அழுத்தத்தான் அவருடைய இடது கட்டைவிரல் முதன்முதலில் அசைந்தது. மருத்துவமனையில் ரப்பர் பந்தைக் கொடுத்து எவ்வளவோ பிசையச் சொல்லியும் மசியாத விரல், கார் பள்ளத்தில் விழப்போன பதற்றத்தில் தானாகவே எழுந்து அழுத்தியது. அவள் கையிலிருந்த துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். கட்டைவிரலைத் தொடர்ந்து மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக வந்தன. உடற்பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்ணுக்கு வாயெல்லாம் பல். பிறகு அந்தப் பெண்ணே கொஞ்சம் யோசித்துவிட்டு, "டெஸ்ட் நெருங்குதுங்க. அந்த பட்டன மட்டும் வேலை செய்யாம நிறுத்தி வெச்சிருங்க. நிஜ வண்டியில அது இருக்காது," என்றாள்.

நிறுத்தினார்கள். முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் முட்டி நின்றது. திரும்ப ஆரம்பித்தார், திரும்ப முட்டியது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, என்னால் ஆகாது, விட்டுவிடு என்றார். அந்த முதுகைப் பார்க்க அவளால் முடியவில்லை. ரிமோட்டைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவள், சாயங்காலம் தட்டித் தடவி அந்தப் பட்டனைத் திரும்ப உயிர்ப்பித்துவிட்டாள்.

அவர் விளையாடிப் பார்த்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"போட்டுட்டியா?"

"இருக்கட்டுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிசியோதெரபி பெண்ணிடம் இருவருமே இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பரிசோதனை நாளன்று, அவர் ஏறி இறங்க உதவிக்காக அவளையும் பேருந்தில் உட்காரச் சொன்னார்கள். டிப்போவின் பின்புறத் திடலில் வெயில் காய்ந்தது. பரிசோதகர் வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். வீட்டுக்காரர் கூம்புகளுக்கு நடுவே வளைந்து போனார், பின்னால் எடுத்து நிறுத்தினார், மேட்டில் நிறுத்திக் கிளப்பினார். இடது கை ஸ்டியரிங்கில் உரிமையோடு உட்கார்ந்திருந்தது. பணிமனைக்காரர்கள் வாசலில் நின்று, தாலாட்டு வந்துட்டாருப்பா என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

கடைசியாக, நின்றிருந்த ஒரு பேருந்தின் மறைவிலிருந்து ஆள் உயரப் பொம்மை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் குறுக்கே இழுத்தார்கள். சட்டை மாட்டிய பொம்மை. பிரேக் பிடிக்கத் தூரம் இருந்தது. ஆனால் அவர் கால் அசையவில்லை. அவள் பின்னாலிருந்து பார்த்தாள், அவருடைய இடது கட்டைவிரல் வெறும் ஸ்டியரிங்கை அழுத்திக்கொண்டிருந்தது. பொம்மை கண்ணாடியில் மோதிக் கீழே போனது. அப்போதும் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. வண்டி பொம்மையின் மேல் ஏறி இறங்கிய பிறகு பரிசோதகர்தான் எம்பி அவசர பிரேக்கை இழுத்தார்.

பிரேக் ஏன் போடவில்லை என்று பரிசோதகர் மெதுவாகக் கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை, நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல அவள் எழுந்தாள். வீட்டுக்காரர் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார்.

"வேணாம்," என்றார். "சார், எனக்கு ஓட்ட வரல. எழுதிக்குங்க."

பரிசோதகர் தலையைக் குனிந்துகொண்டார். பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் ஒரு இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். வெளியே பணிமனைக்காரர் ஒருவர் பொம்மையின் கிழிந்த சட்டையை உதறிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக டிவி முன்னால் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறிவார் என்று அவள் எதிர்பார்த்தாள். எறிந்தாலாவது தேவலை என்றிருந்தது. அவர் ஒரு பந்தயத்தைத் தொடங்கி, இரண்டு வளைவு ஓட்டிவிட்டு, கட்டைவிரலை அழுத்திப் பிடித்தார். கார் வளைவுகளைத் தாண்டிப் பின்னாலேயே போய், கிளம்பின கோட்டில் நின்றது. அவர் விரலை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போகாதா?" என்று கேட்டார்.

போகாது என்று அவளுக்குத் தெரியும். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரலை அவர் கட்டைவிரல் மேல் வைத்து, கூடச் சேர்ந்து அழுத்தினாள். கார் கோட்டிலேயே நின்றது. அவர் விரலில் இப்போது நல்ல பலம் இருந்தது.